ரசலையனின் விரலும் பதினொரு இஞ்சுத் திரையும்

ரசலையனுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. இன்று நேற்று வந்த குணமில்லை இது. கல்யாணத்தன்று போட்டோவுக்கு நிற்கச் சொன்னபோது, இரண்டாவது படம் எடுப்பதற்குள் மாப்பிள்ளை பந்தி நடக்கும் இடத்துக்குப் போய்விட்டார் என்று அவர் மனைவி ரோஸ்லெட் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். சர்ச்சில் வாசலை ஒட்டின கடைசி பெஞ்சுதான் அவருக்கு. பிரசங்கம் நீண்டால், செருப்பு இருக்கிறதா என்று பார்க்க எழுந்து போவார். தியேட்டரில் இடைவேளைக்குப் பிறகு அவர் பார்த்த படம் ஒன்றுகூடக் கிடையாது. முப்பத்தைந்து வருஷமாகக் குலசேகரத்துக்கு மேலே ரப்பர் மரங்களில் பால் வெட்டினவர். ஒரு மரத்துக்கும் அடுத்ததற்கும் பத்தடி. வெட்டு, நட, வெட்டு, நட. அந்தக் கால்களுக்குச் சும்மா கிடக்கிற பழக்கம் எங்கேயிருந்து வரும்?

இப்படிப்பட்ட மனுஷனைத்தான் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம் அசையாமல் படு என்று உடம்பு சொல்லிவிட்டது. ஐம்பத்தேழு வயதில் இரண்டு கிட்னியும் கைவிட்டன. செவ்வாய், வியாழன், சனி, மார்த்தாண்டத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். காலை பத்தேகாலுக்கு இடது கையில் இரண்டு தடித்த ஊசிகளைக் குத்துவார்கள். ஒன்றின் வழியாக ரத்தம் மிஷினுக்குப் போகும், மற்றதன் வழியாகச் சுத்தமாகித் திரும்பி வரும். ரெண்டேகாலுக்குத்தான் விடுதலை.

ரசலையன் ரெண்டேகால் வரை கிடந்தால்தானே! மூன்று மணி நேரம் ஆனதும் வெப்ராளம் பிடித்துவிடும், உடம்பும் மனசும் பதறும். கால் ஆடும், கண் கடிகாரத்துக்கும் வாசலுக்கும் ஓடும். "ஊசிய எடு மக்கா, எனக்குச் சோலி கிடக்கு" என்பார். மிஷினைப் பார்த்துக்கொள்ளும் சஜிதா கெஞ்சுவாள், மிரட்டுவாள், கடைசியில் ஒரு தாளை நீட்டுவாள். சொந்த விருப்பத்தில் பாதியில் எழுந்து போகிறேன் என்ற தாள் அது. போன மாதம் பன்னிரண்டு தடவை வந்ததில் ஒன்பது தாளில் ரசலையன் கையெழுத்துப் போட்டிருந்தார். அதற்கான கூலியும் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நெஞ்சில் தண்ணீர் கேறி, மூச்சு முட்டி, ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். இனியும் நேரத்தைக் குறைத்தால் அடுத்த தடவை ஆளைக் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் ரோஸ்லெட்டிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மகள் பிந்துவுக்கு விஷயம் போனது. படம் போட்டுக் கொடுத்தால் அப்பா கிடப்பார் என்று அவள் கணக்குப் போட்டாள். திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே பதினொரு இஞ்சுத் தொடுதிரையோடு ஒரு டேப்லெட், சுருக்கமாக டேப். கூடவே போனில் பிந்துவின் குரல்.

"அப்பா, இத பத்து நாளைக்குள்ள திருப்பிக் குடுக்கலாம். அடுத்த வியாழக்கிழமை கடைசி. படம் தெளிவா இருக்கா, சத்தம் கேக்கா, சார்ஜ் நாலு மணிக்கூறு நிக்கா, எல்லாம் பாத்து கொள்ளாமா கொள்ளாதான்னு சொல்லுங்க. கொள்ளாதுன்னா வேற வாங்கலாம்."

ரோஸ்லெட் வீடியோ காலில் மகளைக் கேட்டுக் கேட்டு மூன்று சினிமாக்களை அதில் இறக்கிவைத்தாள். அவளிடம் தொடுதிரை போன் உண்டு. ரசலையனிடம் இருப்பது பழைய பட்டன் போன்.

செவ்வாய்க்கிழமை பரிசோதனை தொடங்கியது. பொருளைக் குறை சொல்லி எடைபோடுவதில் ரசலையனை மிஞ்ச ஆளில்லை. வெட்டுக்கத்தி வாங்கினாலும் நாலு கடை ஏறி இறங்குகிறவர். முதலில் எடை. கையில் பிடித்தால் அரை கிலோ ஒன்றுமில்லை, மல்லாந்து கிடக்கிறவன் நெஞ்சில் அரை மணி நேரம் இருந்தால் அம்மிக்கல். உறையை மடக்கி, சாப்பாட்டு மேசையில் கூடாரம் மாதிரி நிறுத்தியதும் அந்தக் குறை தீர்ந்தது. அடுத்தது திரை. கதாநாயகனின் மூக்கில் இருந்த பரு வரைக்கும் தெரிந்தது, கொள்ளாம், நல்லதுதான். ஆனால் இருட்டுக் காட்சி வந்தால் வில்லன் இருக்க வேண்டிய இடத்தில் ஆஸ்பத்திரி டியூப்லைட் தெரிந்தது. சத்தம் நல்ல சத்தம்தான். இரண்டு காதிலும் ஒயரைச் செருகினால் மிஷின் கூப்பிடுவது கேட்காமல் பயமாக இருந்ததால் ஒரு காதில் மட்டும் செருகிக்கொண்டார். பாதிப் பாட்டு போயிற்று.

இதெல்லாம் சில்லறைக் குற்றங்கள். பெரிய குற்றம் வேறு. டேப் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. இடது கையில் ஊசி, அசைக்கக் கூடாது. வலது கை ஆள்காட்டி விரலால் தொட்டார், படம் நிற்கவில்லை. பெருவிரலால் அமர்த்தினார், தேய்த்தார், கடைசியில் கதவைத் தட்டுகிற மாதிரி தட்டினார். கதாநாயகன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தான்.

"மக்கா, இத ஒண்ணு நிறுத்து."

சஜிதா கையுறையைக் கழற்றிவிட்டு வந்து தொட்டாள். சட்டென்று நின்றது. அவள் போனதும் இவர் தொட்டார், ஓடவில்லை. மறுபடி கூப்பிட்டார். சத்தம் கூட்ட ஒரு தடவை, குறைக்க ஒரு தடவை, சண்டைக்காட்சிக்குத் தள்ளிவிட ஒரு தடவை. ஒன்பது கட்டிலைப் பார்க்க வேண்டிய பெண்ணைப் பதினோரு தடவை கூப்பிட்டார்.

"மாமா, நான் மிஷின் பாக்கவா, உங்களுக்குப் படம் ஓட்டவா?" என்று அவள் இடுப்பில் கை வைத்தாள். ரசலையனுக்கு ரோஷம் வந்தது. ஒன்றேகாலுக்குத் தாள் வாங்கிக் கையெழுத்துப் போட்டு எழுந்துவிட்டார்.

புதன்கிழமை சாயங்காலம் பிந்து வீடியோவில் வந்தாள். "எங்க, தொட்டுக் காணிங்க பாப்போம்" என்றாள். ரசலையன் தொட்டார். படம் ஓடியது. மறுபடி தொட்டார், நின்றது. நல்ல பிள்ளை மாதிரி சொன்னதையெல்லாம் கேட்டது. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், மறுபடி மரக்கட்டை. வெள்ளிக்கிழமை வீட்டில் ஓடியது.

அடுத்த கட்டிலில் கிடக்கும் இஸ்ரவேல் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கரண்டைப் பற்றி யார் என்ன கேட்டாலும், கேட்காவிட்டாலும், பதில் சொல்வார். "ஒம்பது மிஷினுக்க கரண்டு இந்த முறிக்குள்ள, நாலு சொவருக்குள்ள சுத்துது கேட்டேரா. உம்ம உடம்புல ரெண்டு ஊசி வேற. எப்படி வேலை செய்யும்?" என்றார். சஜிதா தொட்டால் மட்டும் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டதற்கு, அவள் செருப்புப் போட்டிருக்கிறாள் என்றார்.

இந்த இடத்தில், ரோஸ்லெட்டுக்குத் தெரியாத ஒன்றை வாசிக்கிறவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். ரசலையனுக்கு ஆற்றுக்கு அக்கரையில் சொந்தமாக நூற்றியெண்பது ரப்பர் மரம் உண்டு. நோய் வந்ததும் அனில்குமார் என்ற வெட்டுகாரனிடம் பாதிப் பங்குக்குக் கொடுத்தாயிற்று. அவன் மூன்று வாரத்துக்கு முன்பே கோட்டயம் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். ரசலையன் அதை வீட்டில் மூச்சுவிடவில்லை. டாக்டர் நடக்கச் சொன்னார் என்று விடிந்ததும் வெளியே போய், ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவரே வெட்டிக்கொண்டிருந்தார். அனில்குமார் விட்டுப்போன முறைப்படி அந்த மரங்களுக்குச் செவ்வாய், வியாழன், சனிதான் வெட்டு நாள். ஆஸ்பத்திரியும் அதே நாள். ஒரு நாள் தள்ளி வெட்டினால் என்ன குடி முழுகிவிடும் என்று நீங்களும் நானும் கேட்கலாம். மரத்தின் நாளை மாற்ற வெட்டுகாரனுக்கு மனசு வராது.

வெட்டிவிட்டு, குளித்து, எட்டரை பஸ் பிடித்து மார்த்தாண்டத்தில் படுத்துக்கிடப்பார். அங்கே மரத்துக்கு ஒன்றாகக் கட்டின நூற்றியெண்பது சிரட்டையிலும் பால் சொட்டிக்கொண்டிருக்கும். உறையாமல் இருக்கச் சிரட்டைக்கு இரண்டு துளி அமோனியா விட்டிருந்தாலும், வெயில் ஏறினால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. மூன்று மணி நேரத்தில் வரும் வெப்ராளத்தில் பாதி உடம்பில் ஊறினது, மீதி அந்தச் சிரட்டைகளில் ஊறினது. வீடு திரும்பியதும், "அனில்குமார் பாலெடுத்தானான்னு பாத்திட்டு வாறேன்" என்று கிளம்புவார். வாளியைத் தூக்கும் கை சமதளத்தில் வலது; கால் சறுக்குகிற சரிவுகளில் வலது கை மரத்தைப் பிடிக்க, வாளி இடதுக்கு மாறும். அந்த இடது கையால் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது, ஊசி போட இணைத்து வைத்த ரத்தக்குழாய் அடைபட்டால் பிறகு குத்த இடமில்லை என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பிடித்த மழை சனிக்கிழமை காலையிலும் விடவில்லை. அன்று ஆஸ்பத்திரியில் ரசலையன் அலட்சியமாக விரலை வைத்தார். படம் ஓடியது! நிறுத்தினார், நின்றது. சத்தத்தைக் கூட்டினார், குறைத்தார், சண்டையை மூன்று தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தார். சின்னப் பையன் கெட்டான். "மழைக்கு எர்த்து நல்லா பிடிச்சிருக்கு" என்று இஸ்ரவேல் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். அன்று ரசலையன் நாலு மணி நேரமும் கிடந்தார். சஜிதாவுக்கு நம்ப முடியவில்லை. மஸ்கட்டில் பிந்து ஒரு பாடு சந்தோஷப்பட்டாள்.

ரோஸ்லெட் மட்டும் சந்தோஷப்படவில்லை. திருவட்டாறு தாண்டி பஸ் போகும்போது நனைந்த ரப்பர் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒருவரும் மரத்துப் பக்கம் இல்லை. மழை வந்தால் இந்த ஊரில் நின்றுபோகிற வேலை ஒன்றே ஒன்றுதான், பால் வெட்டு.

செவ்வாய்க்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. டேப் மறுபடி முரண்டு பிடித்தது. ரசலையன் "இத திருப்பி அனுப்பு, கொள்ளாது" என்று கத்தியதைக் கேட்டு, வெளியே நாற்காலியில் இருந்த ரோஸ்லெட் உள்ளே வந்தாள். அவருடைய வலது கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பார்க்கச் சுத்தமான கைதான். நகத்தால் ஆள்காட்டி விரல் நுனியைச் சுரண்டினாள். மெல்லிசாக ஒரு தோல் கிளம்பியது. பிடித்து இழுத்தாள், அது நீண்டது. காய்ந்த ரப்பர் பால். அது சோப்புக்குப் போகாது, விரலோடு விரலாக ஒட்டிக்கிடந்து மறுநாள்தான் தானாக உரியும். அந்தப் புளித்த மணத்தை மூக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு அவருடைய விரலையே பிடித்துத் திரையில் வைத்தாள். படம் ஓடத் தொடங்கியது.

அவள் சத்தம் போட்டிருந்தால் ரசலையனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் போடவில்லை.

"அனில்குமார் எங்க?"

"கோட்டயத்துல."

"எப்பம் போனான்?"

"ஒரு மாசம் ஆவப் போவுது."

"வாளி எந்தக் கையில தூக்கினீங்க?"

ரசலையன் கதாநாயகனைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். சஜிதா ஓடிவந்து இடது கையில் விரலை வைத்து ரத்தக்குழாயின் அதிர்வைப் பார்த்தாள். நல்ல வேளை, துடிப்பு இருந்தது. "மாமா, இது நின்னு போனா நீங்களும் நின்னு போவீங்க" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"ஏட்டி, நான் சொல்லுறதக் கேளு" என்று ரசலையன் ரோஸ்லெட் பக்கம் திரும்பினார். "மரத்துக்கு முன்னால நிக்கும்போ எனக்கு ஒரு சொகக்கேடும் இல்ல. இஞ்ச வந்து கிடக்கும்போதான் நான் நோயாளி."

"அங்க விழுந்து கிடந்தா எனக்கு ஆரு வந்து சொல்லுவா? அனில்குமாரா?"

ரசலையனுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே ஒன்றேகாலுக்குத் தாளைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பால் உறைந்துவிடும் என்று இப்போது வெளிப்படையாகவே சொன்னார். ரோஸ்லெட் தடுக்கவில்லை. குலசேகரத்தில் பஸ் இறங்கினார்கள். வீட்டுக்குப் போகாமல் நேரே ஆற்றைத் தாண்டி அவர்கூட மரங்களுக்குப் போனாள். வாளியை அவள் தூக்கினாள். நூற்றியெண்பது சிரட்டையையும் அவளே கவிழ்த்தாள். அவர் கையை வீசிக்கொண்டு பின்னால் நடந்தார். அந்த நடை அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது. திரும்பி வரும்போது வெட்டுக்கத்தியை அவளிடம் கொடுத்துவிட்டு, "இனி எடுக்க மாட்டேன்" என்றார். மனசில்லாமல் சொன்னார், ஆனாலும் சொன்னார்.

வியாழக்கிழமை, பிந்து சொன்ன கடைசி நாள். விடிகாலையில் விழித்தபோது ரோஸ்லெட் வீட்டில் இல்லை. ஏழரைக்கு வந்தவள், சர்ச்சில் ஜெபம் என்றாள். அன்றும் நல்ல வெயில். மழை நாளில் மரம் நனைந்து கிடக்கிறது என்று மனசுக்கு ஒரு சமாதானம் உண்டு. வெயில் நாளில், இலை நிறைந்து நிற்கிற மரத்தை வெட்டாமல் விட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டு, எவனோ எவளையோ காப்பாற்றுவதைப் பார்ப்பது எப்படி? விரல் சுத்தம், டேப் சொன்னதெல்லாம் கேட்டது, அதனால் அதைத் திட்டவும் வழியில்லை. ஒரு படத்தைப் பாதியில் விட்டு அடுத்ததை வைத்தார், அதையும் விட்டார். வெப்ராளம் அன்று ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்தது.

"தாளக் கொண்டா மக்கா" என்றார். மணி பன்னிரண்டே கால்.

"இன்னும் ரெண்டு மணிக்கூறு கிடக்கு மாமா!"

"கொண்டா. எனக்குப் பொறுக்க முடியல்ல."

சஜிதா தாளை எடுக்கப் போகிற வழியில் ரோஸ்லெட்டிடம் சொல்லியிருக்க வேண்டும். அவள் வேகமாக உள்ளே வந்தாள். "மூணாவது படம் பாக்கல்லியே, அது நல்ல படம்னு பிந்து சொன்னா, நான் போட்டுத் தாறேன்" என்று திரையில் விரலை வைத்தாள்.

படம் மாறவில்லை.

மறுபடி வைத்தாள். சேலையில் விரலைத் துடைத்துவிட்டு வைத்தாள். திரை அசையவில்லை. பிறகு அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். கண் ஒரு தடவை சுவர்க் கடிகாரத்துக்குப் போய் வந்தது. காலையிலிருந்து அவள் எத்தனை தடவை இந்த அறைக்குள் எட்டிப்பார்த்தாள் என்பது ரசலையனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவரைப் பார்க்க வந்ததாகத்தான் நினைத்திருந்தார். வெளியே கடிகாரம் இல்லை, அவளுடைய போனும் அந்த விரலுக்கு மசியாது.

"எத்தன மரம் வெட்டின?" என்று கேட்டார்.

"ஒக்க வெட்டியாச்சு. நூத்தி எம்பதும்."

"நீ கத்தி பிடிச்சதே இல்லியே."

"நீங்க வெட்டுறத முப்பது வருஷமா பாக்கியேன். ரெண்டு மூணு மரத்துல ஆழமாப் போச்சு. ஏசாண்டாம்."

ஏசுவதற்கு ரசலையனுக்கு வாய் வரவில்லை. விடியாத நேரத்தில் அந்தச் சரிவில் அவள் ஒற்றையாக நின்று ஒவ்வொரு மரத்திடமும் குனிந்ததை நினைத்தார். அங்கே சிரட்டை நிறைந்து வெயிலில் இருக்க, அவரை விட்டுப் போக முடியாமல் வெளி நாற்காலியில் இவள் உட்கார்ந்திருந்ததை நினைத்தார். அந்தத் தவிப்பு அவருக்குத் தெரியாததா? அது முழுக்க அவருடைய தவிப்புத்தானே.

"அமோனியா விட்டியா?"

"விட்டேன்."

"அப்போ நீ போ. இப்பளே போ, பன்னிரண்டரை பஸ் உண்டு. வெயிலப் பாத்தியா?"

"உங்கள இஞ்ச விட்டிட்டா?"

"நான் கிடப்பேன்."

அவள் நம்பாமல் பார்த்தாள். நம்புகிற மாதிரி அவர் இதுவரை நடந்துகொண்டதும் இல்லை. ஊசி இல்லாத கையால் அவளைத் தள்ளினார். "போட்டீ. நான் எழும்பினா என்னக் கொண்டு வீட்ல விட்டிட்டுத்தானே நீ போவ முடியும்? நான் கிடப்பேன்னு சொல்லுதேன்லா."

வாசலில் நின்று அவள் திரும்பினாள். "பிந்து கேட்டா டேப்ப என்ன சொல்ல?"

"கொள்ளாம்னு சொல்லு."

சஜிதா தாளோடு வந்து நின்றாள். ரசலையன் அதைப் பார்க்கவேயில்லை. கதாநாயகன் ரயிலின்மேல் ஓடிக்கொண்டிருந்தான். ரசலையன் பஸ்ஸில் இருந்தார். ஆற்றூர், திருவட்டாறு, குலசேகரம். இறங்கினார். ஆற்றைத் தாண்டினார். முதல் மரம், இரண்டாம் மரம், அந்த வளைவில் மூன்று மரம் சேர்ந்து நிற்கும், அதில் நடுமரத்தில் பால் கூடுதல், அங்கே வாளி கனக்கும், இறக்கிவை. கால் ஆடவில்லை. கண் கடிகாரத்துக்குப் போகவில்லை. படம் எப்போதோ முடிந்து திரை கருத்து, அதில் டியூப்லைட் தெரிந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

ரெண்டேகாலுக்கு சஜிதா பஞ்சும் பிளாஸ்திரியுமாக வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "மாமா, நாலு மணிக்கூறு முடிஞ்சாச்சு. ஊசிய எடுக்கட்டா?"

"கொஞ்சம் பொறு மக்கா" என்றார் ரசலையன். "இப்போ நூத்திப் பத்தாவது மரத்துலதான் அவ நிக்கா. இன்னும் எழுபது கிடக்கு."